லாக் பின் இருக்கும் இடம்

மார்ச் 3, செவ்வாய்

இயந்திரத்தருகே இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், அதை ஓட்டும் கொழுந்தன், தீயணைப்பு சிலிண்டர் பொருத்த வந்த மெக்கானிக், சாப்பாடு கொண்டுபோன நான். வேறு யாருமில்லை. கணக்கு எழுதிப் பழகிய கை, ஆட்களையும் எழுதிவிடுகிறது.

வெட்டிய மரங்களைக் காட்டுக்குள்ளிருந்து இழுத்து வரும் இயந்திரம். அதன் வயிற்றுக்குள் மரத்தூளும் சருகும் அடைந்து கிடக்கும். பக்கத்திலேயே கொதிக்கும் புகைக்குழாய். ஆயில் ஹோஸ் ஒன்று பிய்ந்தால் போதும். அதற்குத்தான் இந்தச் சிவப்பு சிலிண்டர். தீயின் சூடு பட்டதும் தானாகவே என்ஜின் முழுக்கப் பவுடரைக் கொட்டுமாம்.

"கழுவும்போது மட்டும், கை பட்டுப் பவுடர் கொட்டிடாம இருக்க, இந்த லாக் பின்னைச் சொருகுங்க. முடிஞ்சதும் உருவிடணும். அது உள்ள இருந்தா, வண்டியே எரிஞ்சாலும் சிலிண்டர் வேடிக்கைதான் பார்க்கும்" என்றார் மெக்கானிக்.

மார்ச் 7, சனி

முதல் கழுவலிலேயே லாக் பின் சொருக மறந்துவிட்டான் கொழுந்தன். கைபட்டு மொத்தப் பவுடரும் கொட்டிவிட்டது. வாசலில் வெள்ளையாக வந்து நின்றான்.

"என்னப்பா, மாவு மில்லுல உருண்டியா?"

"சிரிங்க அண்ணி, சிரிங்க. மறுபடி நிரப்பற வரைக்கும் வேலை கிடையாது. அப்ப சிரிப்பு வருதான்னு பார்க்கறேன்."

வரவில்லைதான்.

மார்ச் 14, சனி

நிரப்பியாயிற்று. "இனிமே ஒரு துளி கொட்டாது" என்றான் கொழுந்தன். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கழுவி முடித்ததும் அவனிடமிருந்து லாக் பின்னை வாங்கி வந்து சாமி மாடத்தில் வைத்தேன். கழுவும் நாளில் மட்டும் அது காட்டுக்குப் போகும். மற்ற நாளெல்லாம் என் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

"சாமிக்கே வாட்ச்மேன் வேலையா?" என்று இவர் சிரித்தார். சரி என்றும் சொன்னார்.

மார்ச் 16, திங்கள்

விளக்கேற்றப் போனால் மாடத்தில் லாக் பின் இல்லை. சமையல் முடிந்ததும் முடியாததுமாகத் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடினேன். நினைத்தபடியே — சிலிண்டரில் சொருகி, மேலே டேப் வேறு சுற்றியிருந்தது.

"சாமி பார்த்துக்கும் அண்ணி."

"பார்த்துக்கும்தான். நீ வழிய அடைச்சு வச்சா அது எப்படிப்பா பார்த்துக்கும்?"

முணுமுணுத்துக்கொண்டே உருவி, சாப்பிட்டு முடித்ததும் காலித் தூக்கில் போட்டான். "இந்தாங்க, உங்க குலதெய்வம்."

இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் இவருக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்திருக்கார். வேலை நின்றுபோகும் பயமா? கூடப்பிறந்தவன் அதுக்குள்ளதானே உட்கார்ந்திருக்கான் — அந்தப் பயம் எங்க போச்சு?

மார்ச் 17, செவ்வாய்

இவரோடு பேச்சில்லை. பிரார்த்தனையில் மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. சாமி, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.

ஹோஸ் பிய்ந்து ஆயில் புகைக்குழாயில் பீய்ச்சியிருக்கிறது. பின்பக்கம் முழுக்கத் தீ. இழுத்து வந்த மரம் ஒன்று கதவில் சாய்ந்துவிட, கொழுந்தன் எதிர்ப்பக்க ஜன்னல் வழியாக நுழைந்து வெளியே வரவேண்டியிருந்தது. அவன் வெளியே வந்து சேர்வதற்குள் பவுடர் கொட்டித் தீயை அமுக்கிவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

இன்றும் வெள்ளையாகத்தான் வந்தான். நேரே மாடத்துக்குப் போய், லாக் பின் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தான். இவர் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

மார்ச் 23, திங்கள்

கருகிய ஹோஸை மாற்றியாயிற்று. முதலாளி அவசரப்படுத்துகிறார். "சிலிண்டர் நிரம்பாம நான் ஏற மாட்டேன். அண்ணனையும் ஏற விடமாட்டேன்" என்கிறான் கொழுந்தன். காலையிலிருந்து நாலு தரம் எட்டிப் பார்த்துவிட்டான்: "அண்ணி, மெக்கானிக் பேசினாரா?"

அவர் போனை எடுக்கவில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் அனுப்பியது:

"ஐயா, வணக்கம். நீங்கள் பொருத்திய சிலிண்டர் வியாழக்கிழமை வேலை செய்தது. இப்போது காலி. லாக் பின் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. நிரப்ப என்றைக்கு வருவீர்கள்? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்."