அப்பாவின் ரெகுலேட்டரில் நான் அழுத்திய பட்டன்

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் டாஹோ ஏரிக்கரை முழுக்கப் பனி. அப்பா டைவிங் உடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தண்ணீருக்குள் அவர் வாயில் கடித்து மூச்சு விடும் ரெகுலேட்டரைத் தண்ணீரில் முக்கி, தங்கையின் காதருகே பட்டனை அழுத்தினேன். "புஸ்ஸ்!" என்று காற்று சீறியது. பனியில் ஏது பாம்பு? ஆனாலும் துள்ளினாள். மூன்று முறை அழுத்தினேன்.

ஏரிக்குள் ரெகுலேட்டர் உறைந்து, காற்று நிற்காமல் கொட்டியதாம். கூடப் போன செல்வம் அங்கிளின் உபரி ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு அப்பா மேலே வந்தார். மூச்சு விடாமல் பேசுகிறவர், மூச்சு மட்டும் விட்டார்.

காரில் அங்கிள் கேட்டார்: "இந்தக் குளிர்ல, ஈரத்தோட வெளிய காத்து விட்டா உள்ள உறைஞ்சிடும். கரைல அழுத்துனீங்களா?"

"தொடவே இல்லங்க. நான் சர்வீஸ் பண்ணதுலதான் தப்பு." அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "சம்மர்ல உன்ன டைவ் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்ல? வேணாம்டா. என் கை மேல எனக்கே நம்பிக்கை போச்சு."

தங்கை என்னையே பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இப்போது அப்பா கராஜில் ரெகுலேட்டரைப் பிரித்துப்போட்டு, இல்லாத தப்பைத் தேடுகிறார். இருக்கிற தப்பு மாடியில் உட்கார்ந்து டைரி எழுதுகிறது. கீழே போகப்போகிறேன். "அப்பா, அந்தப் பாம்பு நான்தான்" என்று ஆரம்பித்தால் சிரிப்பாரா? வேண்டாம். இன்றைக்கு ஜோக் வேண்டாம். நேராகவே போய்ச் சொல்லி…