பேசும் அட்டைப்பெட்டி

செப்டம்பர் 4, திங்கள்

வடிவமைப்புச் சிந்தனை வகுப்பு. ஒருவருடைய கஷ்டத்தைக் கூடவே இருந்து பார்ப்பது, கையால் ஏதாவது செய்வது, அதை அவரிடமே கொடுத்துச் சோதிப்பது. இவ்வளவுதான் பாடம். என் எம்.பி.ஏ. பிள்ளைகளோ நேரே விடைக்குத் தாவுகிறார்கள். எல்லாக் குழுவும் செயலிதான் செய்யப்போகிறதாம். யாருக்கு என்று கேட்டால், "எல்லாருக்கும்தான் மேடம்." லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு கத்தரிக்கோல் கொடுத்தேன். அதை அவர்கள் பிடித்த அழகைப் பார்க்க வேண்டுமே!

செப்டம்பர் 6, புதன்

துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். தரையெல்லாம் அட்டைத் துண்டு. "இது என்ன மேடம், பாலர் வகுப்பா?" அடுத்த வெள்ளி வந்து பார்ப்பாராம். பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் இந்தப் பாடமே கிடையாது. மன்றாடி வாங்கிய பாடம் இது. வீட்டில் சொன்னால், "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கே" என்கிறார் இவர். நல்ல புருஷன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

ஒரு குழு உருப்படியாக ஒன்றைப் பிடித்துவிட்டது. தலைவரின் அறை வாசலில் நின்று கவனித்திருக்கிறார்கள். சந்தேகம் கேட்க வருகிறவர்கள் கதவு வரை வந்து அப்படியே திரும்பிவிடுகிறார்களாம். அவர்கள் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல மெஷின் ஒன்று செய்யப்போகிறார்களாம். செய்வதற்கு முன் நடித்துப் பாருங்கள் என்றேன். பெட்டிக்குள் ஓர் ஆள் உட்கார்ந்து மெஷினாகப் பேச வேண்டியதுதான். யாரை வைத்துச் சோதிப்பார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 13, புதன்

எங்கள் புது ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியை வாரண்டி முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்பது இவர் உத்தரவு. குளிக்கப் போனார். தூக்கிவிட்டேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

பாவிகள், தலைவரையே பெட்டி முன் நிறுத்திவிட்டார்கள்! உள்ளே எங்கள் ஊமைக்கோட்டான். வகுப்பில் வாயே திறக்காதவள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெஷின் குரலில் தேர்வுத் தேதி, நூலக நேரம் எல்லாம் ஒப்பித்தாள். தலைவர் சிரிக்கக்கூடச் செய்தார். அப்புறம் குனிந்து, "ஏன் யாரும் என்கிட்ட நேர்ல வந்து கேக்கறதில்ல?" என்றார்.

பெட்டிக்குள்ளிருந்து மூக்கைப் பிடிக்காத குரல் ஒன்று வந்தது.

"உள்ள வந்ததும் 'என்ன'ன்னு கேப்பீங்க சார். அதுலயே கேக்க வந்தது மறந்துடும்."

"வேற எப்படிக் கேக்கிறது?"

"உக்காருன்னு சொல்லலாம் சார். ஆனா உங்க ரூம்ல இன்னொரு நாற்காலியே இல்லையே."

நிமிர்ந்தார். விறுவிறுவென்று போய்விட்டார். போச்சு, பாடம் போச்சு. ஆனால் அவள் பேசிவிட்டாள்! அவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா?

செப்டம்பர் 16, சனி

பெட்டி எங்கே என்றார் இவர். கல்லூரியில் பேசிக்கொண்டிருக்கிறது என்றேன். முறைத்தார்.

செப்டம்பர் 18, திங்கள்

தலைவர் கூப்பிட்டனுப்பினார். முகம் கழுவிக்கொண்டு, எதற்கும் தயாராகத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்து, "உங்க பாடம் தொடருது மேடம். உக்காருங்க" என்றார்.

மேசைக்கு முன்னால் புதிதாக இரண்டு நாற்காலிகள். இரண்டிலும் பிள்ளைகள் உட்கார்ந்து அவரிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.