செவ்வாய்க்கிழமைப் பதிவுகள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே இருவரும் நலம். இந்த ஒரு வரியை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். நலம்தான். போனில் பேசும்போது அவள் என் தோளிலேயே தொங்குகிறாள். நீ சுரங்கப்பாதை தோண்டுகிற இடத்திலோ சிக்னல் நிற்பதில்லை. அவள் எதிரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். பதறாமல் படி.

நீ கிளம்பிய பிறகு நான் ஒரு ஆப் செய்தேன் அல்லவா? பாப்பாவுக்கு வலிப்பு வந்தால் எத்தனை மணிக்கு, எத்தனை நொடி, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று குறித்துவைக்க. லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கம்ப்யூட்டர் கோட் எழுத வருமா என்று நீ சிரித்தாய். வராதுதான். ஏஐ ஏஜென்டிடம் பேச்சுவாக்கில் சொன்னால் அதுவே எழுதி, அதுவே ஓட்டிப் பார்த்து, அதுவே திருத்தி, முடிந்தது என்கிறது. ஒரு சாப்பாட்டு இடைவேளையில் ஆப் தயார்.

அதோடு விட்டிருக்கலாம். முடியவில்லை. தூக்கக் கணக்கைச் சேர்த்தேன். வரைபடம் கேட்டேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் பதியட்டும் என்று அவர் போனிலும் ஏற்றினேன். கடைசியில், எதனால் வலிப்பு வருகிறது என்று நீயே கண்டுபிடித்துச் சொல் என்றேன். லிஃப்டின் மோட்டார் அறையில் கேபிளைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு கையால் அதனோடு பேசிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர், "என்னப்பா, புதுசா கல்யாணம் ஆனவன் மாதிரி போனும் கையுமா இருக்கே" என்றார். பாப்பாவின் தலைக்குள் நடப்பது எனக்குத் தெரியாது. திரையில் நடப்பதாவது தெரிகிறதே என்றிருந்தது.

சென்ற மாதம் ஆப் சிவப்பில் காட்டியது: செவ்வாய்க்கிழமை, நீச்சலுக்குப் பிறகு, இரண்டு முறை. செவ்வாய்தோறும் அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போவது தையல்காரம்மாதான். அவர் பதிந்திருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றே நீச்சலை நிறுத்தினேன். குளத்தில் பராமரிப்பு வேலை நடக்கிறது என்று உன்னிடம் சொன்னது பொய். பாப்பா அழவில்லை. நீச்சல் உடையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

போன வாரம் மாத்திரையைக் கூட்டலாமா என்று கேட்கப் போனேன். டாக்டர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தன் கோப்பைப் புரட்டினார். "இந்தத் தேதியில பாப்பா எங்க வார்டுல இருந்தாளே. தலையில வயர் ஒட்டி நாள் முழுக்கப் பாத்தோம். எப்படி நீச்சலுக்குப் போயிருப்பா?" என்றார். அன்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனே நான்தான்.

வெளியே வந்து ஏஜென்டிடம் கேட்டேன். வரைபடம் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தானே இரண்டு மாதிரிப் பதிவுகளைப் போட்டதாம், நீக்க விட்டுப்போனதாம். மன்னிப்பும் கேட்டது. லிஃப்டைச் சோதிக்க நாங்கள் எடைக்கட்டிகளை ஏற்றி ஓட்டுவோம். ஆட்களை ஏற்றும் முன் எல்லாம் இறங்கியதா என்று நானே உள்ளே போய்ப் பார்ப்பேன். என் மகள் விஷயத்தில் பார்க்கவில்லை.

டாக்டர் மாத்திரையைக் கூட்டவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் நீந்தட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தப்பு என்னுடையது என்பதையும். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் வெகுநேரம் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். பிறகுதான் சொன்னாள்: "மூணு வாரம் முன்னாடி ஒண்ணு நிஜமாவே வந்துச்சுப்பா. ஸ்கூல்ல படம் வரைஞ்சிட்டிருந்தேன். திடீர்னு பாத்தா பென்சில் கீழ கிடக்கு, பக்கத்துல இருந்தவ என்னை உலுக்கிட்டிருக்கா. சொன்னா நீங்க படம் வரையறதையும் நிறுத்திடுவீங்க."

மூன்று வாரமாக ஒன்பது வயதுக்காரி அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். வருகிற வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நீச்சலுக்கு முன்பு சொன்ன நிபந்தனையே போதுமாம்.

ஆப்பை அழிக்கவில்லை. காரணம் கண்டுபிடிக்கும் பகுதியையும் அது போட்ட மாதிரிப் பதிவுகளையும் மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு, எடுத்ததா என்று ஒவ்வொரு பதிவாகப் பார்த்தேன். இனி அவள் சொல்ல, அவள் எதிரிலேயே பதிகிறேன். ஆனாலும் கை சும்மா இருப்பதில்லை. இதை எழுதும்போதுகூட அதனிடம் இன்னொன்று கேட்டால் என்ன என்று தோன்றுகிறது.

நேற்று அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போனேன். பயிற்சியாளர் பக்கத்தில் நின்றார். நீந்தத் தெரியாத நானும் மார்பளவு தண்ணீரில் இறங்கி நின்றேன். பாப்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நீங்க பயப்படுறது தண்ணியிலகூடத் தெரியுதுப்பா. அம்மா வரட்டும்" என்றாள்.

உன் வேலை பாதியில் நிற்கிறது என்று தெரியும். வா என்று நான் எழுதவில்லை. விடுப்பு கிடைக்குமா, கிடைக்காதா என்பதை அவளுக்கு உன் கையால் எழுது. என்னைச் சமாதானப்படுத்த எதுவும் எழுத வேண்டாம். தலைக்கவசம் இல்லாமல் உள்ளே இறங்காதே. உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

உன்
லிஃப்ட்காரன்