பாய் விரிக்கும் அணிலும் அரியநாயகமும்

சேசு மரி சூசை

நெடுந்தீவு,
12.02.1974

அன்புள்ள ஞானசவுந்தரிக்கு,

பிலிப்பு சொல்ல, பக்கத்து வீட்டு மாக்கிறேற் எழுதுவது. நான் சுகம், ஆடும் சுகம். மகளுக்குப் பிள்ளை பிறந்து ஞானஸ்நானமும் முடிந்துவிட்டது. பிறகும் ஏன் அந்தக் காட்டில் நிற்கிறீர்?

உம்முடைய கடிதத்தில் பேரனுக்கு இரண்டு வரி. மற்றதெல்லாம் பறக்கும் அணில். அதைக் காட்டித் தருகிறவர் பெண்சாதியை இழந்த பழைய காவற்காரர் அரியநாயகமாம். இறுப்பிட்டி அரியநாயகம்தானே? முப்பத்தாறாம் ஆண்டு கோயில் பெருநாளில் உமக்குச் சோடா உடைத்துத் தந்தவர். பச்சைக்கரை வேட்டி. நானும் பக்கத்தில்தான் நின்றனான், எனக்குத் தரவில்லை.

பொழுதுபட அவரோடு மரத்தடியில் உமக்கு என்ன அலுவல்? இதற்குமேல் நான் சொன்னதை மாக்கிறேற் எழுதமாட்டாளாம்.

இப்படிக்கு,
உமக்குத் தாலி கட்டின
பிலிப்பு (கைநாட்டு)

றக்குவானை,
25.02.1974

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையால் எல்லோரும் சுகம். இதை எழுதித் தரும் மகள், "அப்புவுக்கு எரியுதம்மா" என்று சிரிக்கிறாள்.

அணில் பறவைபோலச் சிறகடிப்பதில்லை. பொழுதுபட்டதும் பொந்தை விட்டு வந்து மர உச்சிக்கு ஏறும். கைகாலை விரித்துப் பாய்ந்தால், இடையிலுள்ள தோல் உங்கள் வள்ளத்துப் பாய்போல விரியும். சத்தமில்லாமல் மிதந்துபோய் அடுத்த மரத்தின் அடிப்பக்கத்தில் பதிவாக ஒட்டும். திரும்பவும் உச்சிக்கு ஏற்றம். குட்டி இன்னும் பாயவில்லை. பொந்து வாசலில் தலையை நீட்டிவிட்டு உள்ளே போகிறது. அது பாய்வதைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அரியநாயகத்தார் பாவம். கண்ணில் பூ விழுந்து பார்வையில்லை. நகம் பட்டையைக் கீறும் சத்தத்தை வைத்து எந்த மரமென்று சொல்லுவார். எப்படிப் போனதென்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்குப் போய்க் கோபமா?

அன்புடன்,
ஞானசவுந்தரி

நெடுந்தீவு,
09.03.1974

ஞானசவுந்தரிக்கு,

பாவமென்று எழுதியிருந்தீர். கண் தெரிந்த ஆளென்றால் அணிலைப் பார்க்க வருகிறார் என்று விட்டிருப்பேன். கண் தெரியாதவர் பொழுதுபட வந்து குந்தியிருப்பது எதற்கு? உம்முடைய குரலுக்குத்தான்.

கலியாணம் முடித்த நாள் முதல், கடலில் கண்டதை நான் சொல்ல, நீர் "ஓம், ஓம்" என்று கேட்டதுதான் எனக்கு நினைவு. இவ்வளவு கதை உம்மிடம் இருந்ததா?

வள்ளத்தைக் கரையேற்றிவிட்டேன். ஆட்டை மாக்கிறேற் பார்ப்பாள். ரயில் ஏறிப் பழக்கமில்லை, கேட்டுக் கேட்டு வருகிறேன். வந்தபிறகு நீர் கண்டதை என் காதில் சொல்லும். அதை அவருக்கு நான் சொல்லுகிறேன். நடுவில் இருக்கப்போவது நான்.

பிலிப்பு (கைநாட்டு)