ஜன்னலுக்குக் கீழே ஒரு பெட்டி

ஏப்ரல் 4

ஓரகத்தியின் அறைக்கு ஏசி வந்துவிட்டது. அவர்கள் ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இருப்பதால் வெளிப்பெட்டியை மாட்ட அங்கே இடமில்லையாம். என் ஜன்னலுக்குக் கீழே மாட்டிவிட்டார்கள். குளிர் அவளுக்கு, சூடு எனக்கு. இது எந்த ஊர் நியாயம்?

மெக்கானிக்கிடமே கேட்டேன். "சூடு வேற எங்கக்கா போகும்? உள்ள இருக்கறத எடுத்து வெளிய தள்ளுது, அவ்வளவுதான்" என்றார். வெளியே என்றால் நான்.

ஏப்ரல் 9

ஜன்னலோரம் உட்கார்ந்து சீருடை தைக்க முடியவில்லை. வெளியே நிற்கும் வாதுமை மரத்துக் காற்று வந்த வழியில் இப்போது பெட்டியின் அனல் வருகிறது. தைக்கிற துணியெல்லாம் என் வியர்வை. அவளோ மத்தியானத்தில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். போர்வை!

ஏப்ரல் 12

என் மகள் குட்டி தலையணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "சித்தி ரூம் ஜில்லுனு இருக்கும்மா."

பெற்றது நான்.

ஏப்ரல் 13

இன்றும் போனாள்.

ஏப்ரல் 17

சித்தி சொன்ன கதையைக் காலையில் என்னிடம் வந்து சொல்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு தலை வாரிவிட்டேன். "வலிக்குதும்மா" என்றாள். எனக்கும்தான்டி.

பொறாமையா? ஆமாம், பொறாமைதான். வயிறு பற்றி எரிகிறது. எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 21

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன் — நமக்கும் ஏசி வேண்டும், அவளுடையதைவிடப் பெரியதாக.

"வீட்டுக்கு வீடு மாட்டி, தெருவே கொதிக்குது. நாமளும் அதுல சேரணுமா?"

ஊர்ச் சூட்டைப் பற்றி இவருக்குக் கவலை. பெற்ற பிள்ளை என் பக்கத்தில் படுப்பதில்லையே, அதற்கு யார் கவலைப்படுவது?

ஏப்ரல் 26

ஏசி வந்தது. வெளிப்பெட்டிக்கு எதிரே மரம் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாதாம். "ரெண்டு கிளைய கழிச்சா போதும்" என்றார் மெக்கானிக். மரம் வெட்ட வந்தவர் ஏறியதுதான் ஏறினோம் என்று மொத்தத்தையும் இடுப்பளவுக்கு இறக்கிவிட்டார். நானும் தடுக்கவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொறாமை, வேறென்ன? நன்றாகப் படட்டும்.

ஏப்ரல் 27

குட்டி என் பக்கத்தில். போர்வையோடு. ஜெயித்துவிட்டேன்.

மே 6

மத்தியானம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. இத்தனை ஏசியை அது எப்படித் தாங்கும்? வீடு வேகத் தொடங்கியதும் ஓரகத்தி வந்து நின்றாள், கையில் தலையணை.

"கரண்ட் போனா எப்பவும் உங்க ரூமுக்குத்தானேக்கா வருவேன். அதே ஞாபகத்துல வந்துட்டேன்."

ஜன்னலைத் திறந்தேன். வெயில் நேராக வந்து தையல் மிஷின் மேல் விழுந்தது. காற்றும் வந்தது. முகத்தில் அறைந்தது.

"இந்த ஜன்னல் எனக்கு வாய்க்கலையேன்னு எவ்வளவு வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமாக்கா? அந்த எரிச்சல்லதான் அவரை நச்சரிச்சு ஏசி வாங்கினேன்."

என் ஜன்னலைப் பார்த்தா? என் மரத்தைப் பார்த்தா?

"மரம் திரும்ப வருமா?" என்று குட்டி கேட்டாள். என்னை அல்ல, அவளை.

"அடிமரம் இருக்குல்ல கண்ணு. தண்ணி ஊத்தினா வரும்."

மே 8

கரண்ட் வந்துவிட்டது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. பக்கத்தில் அவளுடைய நீல வாளி, காலியாக.

இதிலும் முந்திக்கொண்டாள்.