முன்னோரம் ஒன்றரை இன்ச்

ஜூன் 2, செவ்வாய்

வெயில். கத்திரி முடிந்த சேதி மந்தைவெளிக்கு இன்னும் வரவில்லை போல. சமையல் மேடைக்கு கிரானைட் வந்தது. மூன்று மாடி, நாலு ஆள். தூக்கியது அவர்கள், மூச்சு வாங்கியது எனக்கு.

வசந்தா அடையாறில், அக்கா வீட்டில். தூசி அவளுக்கு ஆகாது. மேடை முடிந்ததும் வருவாள்.

பெரிய சிங்க் என் தேர்வு. ரிடையர் ஆனதிலிருந்து பாத்திரம் தேய்ப்பது நான்தானே. தோசைக்கல் படுக்க வேண்டும், குக்கர் உட்கார வேண்டும். வ. சின்னதே போதும் என்று சொல்லிப் பார்த்தாள். விடவில்லை.

மேஸ்திரி பாஷா பாய் டேப் வைத்து அளந்தார். பின்னால் குழாய்க்கு இடம் விட்டால் சிங்குக்கு முன்னால் ஒன்றரை இன்ச் கல்தான் மிஞ்சுமாம். சின்ன சிங்காக மாற்றலாம், இல்லை அடியில் முட்டுக்கு இரும்பு ஆங்கிள் கொடுக்கலாம், ஒரு நாள் கூடுதலாக ஆகும் என்றார். இரண்டும் வேண்டாம் என்றேன். ஏன்? வ. சொன்னது சரி என்று ஆகிவிடும். அவ்வளவுதான் காரணம்.

"சார், அந்த ஓரத்துல யாரும் கால் வெக்காம பாத்துக்கோங்க. புட்டுக்கும்."

தலையாட்டினேன்.

ஜூன் 4, வியாழன்

வேலை முடிந்தது. வ. வந்தாள். கல்லைத் தடவிப் பார்த்து, பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு என்றாள். உச்சி குளிர்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

உடனே ஸ்டூலைப் போட்டு மேடைமேல் ஏறிவிட்டாள். லாஃப்டில் இட்லிக் குண்டான். ஒரு கால் அடுப்புப் பக்கம், இன்னொரு கால் சிங்கின் முன்னோரத்தில். இருபத்தாறு வருடமாக அவளுக்கு மேடைதான் ஏணி. பழைய கடப்பாக்கல் தாங்கியது.

"பார்த்து" என்றேன். என்ன பார்க்கணும் என்றாள். ஈரம் என்றேன்.

ஜூன் 5, வெள்ளி

மேகம், மழை இல்லை. சிலிண்டர் புக் செய்ய. பி.பி. மாத்திரை. ஏணி விசாரிக்க.

சிங்கின் இடது மூலையில் மயிரிழைக் கோடு. நேற்று இருந்ததா? பாய்க்கு போன், மாடிப்படியில் நின்று, மெல்லிய குரலில். நகத்தால் தடவச் சொன்னார். நகம் மாட்டாவிட்டால் கல்லில் இருக்கிற ரேகை, மாட்டினால் விரிசல். மாட்டவில்லை. மூன்று தடவை தடவினேன். கடைசித் தடவை சந்தேகம்.

கீழ்வீட்டு அம்மா இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் படுத்திருந்தது ஞாபகம்.

இன்று இரண்டு தடவை ஏறினாள்.

ஜூன் 6, சனி

அலுமினிய ஏணி வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்தேன். இத்தனை வருஷம் இல்லாத அக்கறை என்று கேலி. மத்தியானம் பார்த்தால் பால்கனியில் ஏணி, அதன்மேல் ஈரத் துண்டுகள்.

சொல்லிவிடலாம் என்று நாலு தடவை சமையலறைக்குப் போனேன். நாலு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் நகம் மாட்டியது.

ஜூன் 7, ஞாயிறு

காலை. புழுக்கம். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்டூல் இழுபடும் சத்தம். ஓடினேன். அதற்குள் மேலே நிற்கிறாள், அண்டா கையில், வலது கால் அந்த ஓரத்தில்.

"வசந்தா, அந்தக் காலை எடு. மெதுவா."

என் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, ஏன் என்று கேட்காமல் எடுத்தாள். அண்டாவை வாங்கி இறக்கினேன். அவளையும் கைகொடுத்து இறக்கினேன். எல்லாம் சொன்னேன். ஒன்றரை இன்ச், ஆங்கிள், பாய் சொன்னது, நகம்.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தபடியே கேட்டாள்,

"நான் விழுந்திருந்தா எல்லார்கிட்டயும் என்னன்னு சொல்லியிருப்பீங்க?"

பாய்க்கு போன் செய்தேன், நாளைக்கு ஆங்கிள் வைக்க வருகிறார்.

அவள் கேட்டதற்குப் பதிலை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். பாய் கல்லைச் சரியாகப் போடவில்லை என்று சொல்லியிருப்பேன். வியாழக்கிழமையே யோசித்து வைத்துவிட்டேன்.