கொத்தாக விட வேண்டிய செல்கள்

டொராண்டோ, மார்ச் 9

அன்புள்ள ஆல்பன்,

என் செய்முறையை எங்கள் ஆய்வகத்து டாக்டர் ஹோல்ம் தன் பெயரில் ஆய்விதழில் அச்சிட்டுவிட்டார். அதைச் சொல்லாமல் உன் முழங்கால் வலியை விசாரிக்க மனம் வரவில்லை. வலி குறைந்ததா?

என் விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை, கவலைப்படாதே. தோல் துண்டை, செல்களின் பிணைப்பைக் கரைக்கும் டிரிப்சின் நொதியில் போட்டு இரவு முழுதும் குளிர்பெட்டியில் வைத்து, செல்களை ஐந்தாறு சேர்ந்த கொத்துகளாகப் பிரிப்பது நான் கண்டுபிடித்த வழி. அப்படி விட்டால்தான் வளர்ப்புத் தட்டில் ஒட்டி வளரும். பதினோரு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சுட்ட ஓட்ஸ் பிஸ்கட்டைத் தின்றவர் அதை எழுதியிருக்கிறார், அதுவும் தப்பாக.

"என் பேரு எங்க, டாக்டர்?"

"கடைசியில நன்றி சொல்லியிருக்கேனே வெர்னா, பாட்டில் கழுவுறவங்களோட சேர்த்து."

"அப்போ இனி நீங்களே கழுவிக்கோங்க. ஒவ்வொரு செல்லையும் தனியாப் பிரிக்கணும்னு எழுதியிருக்கீங்க. பாதிக்கு மேல செத்துப்போகும்!"

"அவ்வளவு உன்னிப்பா யாரு பார்க்கப்போறா?" என்று சிரித்தார்.

நான் பார்க்கிறேன். ஹோல்ம் திருத்தம் எழுதி என் பெயரை முதலில் போட வேண்டும். துறைத்தலைவர் அதில் கையெழுத்திட வேண்டும். கோடையில் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த, தேதியிட்ட நோட்டுகளை நீ பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். கூடவே கம்பளிக் காலுறையும், உன் கையால் நாலு வரியும். ரோரியிடம் சொல்லாதே, நம் பிள்ளை அடுத்த ரயிலிலேயே சண்டைக்கு வந்து நிற்பான். தபால்காரர் வந்துவிட்டார். திருத்தம் அச்சாகும்வரை நான் ஒரு தட்டையும் தொடமாட்டேன்.

வெர்னா